நர்ஸ் கழுவிய டம்ளர்

எங்கள் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணின் குரல் வரும். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. இஸ்திரி போட்டு மடித்து வைத்த துணி மாதிரி ஒரு குரல். நாலாம் நடைமேடை வண்டி ஐந்து நிமிடத்தில் புறப்படும் என்பதையும், சிவப்புச் சட்டை போட்ட குழந்தை ஒன்று தனியாக நின்று அழுகிறது என்பதையும் ஒரே மாதிரிதான் சொல்வாள். உலகம் இன்று அழியப்போகிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தால்கூட, எந்த நடைமேடையில் என்று மட்டும் விசாரித்துக்கொண்டு வாசித்துவிடுவாள்.

பிறவியில் அந்தக் குரல் அப்படி இல்லை. அவள் 'மழை' என்று வாசித்தால் கேட்கிறவர்கள் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடிய காலம் உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். ஓடியது இரண்டு பேர்தான். ஆனால் ஓடினார்கள். அப்படிப்பட்ட குரலை இருபத்தைந்து பெண்கள் சேர்ந்து அடித்துத் தட்டையாக்கினார்கள். அதுவும் எதற்காக? ஒரு தொடர்கதையில் வந்த, உலகத்தில் எந்த மூலையிலும் இல்லாத ஒருத்திக்காக.

உறைக்கூடத்தில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

உறைக்கூடம் என்றால் தாள் உறை செய்கிற இடம். பெரிய பெரிய ஆர்டர்களை மெஷின் பார்த்துக்கொள்ளும். மெஷினுக்கு அடங்காத அளவுகள் மட்டும் கைக்கு வரும்: ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே உறை, விதைப் பொட்டலம், பத்திரம் வைக்கிற நீள உறை. கூடத்தில் இரண்டு நீள மேசைகள். மடிப்பு மேசையில் பதின்மூன்று பேர் உட்கார்ந்து, வெட்டி வந்த தாளை மரத்தகட்டால் அழுத்தி மடிப்பார்கள். ஒட்டு மேசையில் பன்னிரண்டு பேர், மடித்த தாள்களைப் படிக்கட்டு மாதிரி சரித்து அடுக்கி, ஒரே இழுப்பில் பத்து விளிம்புக்கும் பசை தடவி ஒட்டுவார்கள். மடித்தது ஒட்டப்படாவிட்டால் அது உறை இல்லை. வெறும் மடித்த தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசை காலையில் அங்கேயே காய்ச்சப்படும். மாவைக் கிண்டி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக் கலக்கி, பீங்கான் கிண்ணங்களில் ஊற்றி வைப்பார்கள். காலையில் கஞ்சி வாசனை. மத்தியானத்துக்குள் அது புளித்து, ஈ மொய்த்து, குழந்தை கக்கிய துணியை மூன்று நாள் மறந்து வைத்தால் வருமே, அந்த நாற்றம். அதன் நடுவிலேதான் எல்லோரும் டப்பாவைத் திறந்து சாப்பிடுவார்கள். எனக்கு அதுகூட அருவருப்பு இல்லை. நாற்றம் பழகிவிடும். மனிதர்கள்தான் பழகமாட்டேன் என்கிறார்கள்.

ரேடியோவை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது அவள் நாத்தனார். ஒரே வீட்டில் இருந்தார்கள். ரேடியோவின் வீட்டுக்காரர் தெருமுனையில் பூட்டு ரிப்பேர் பார்ப்பவர். ஊரிலுள்ள அத்தனை பூட்டையும் திறப்பார். வாயை மட்டும் திறக்கமாட்டார். அவர் ஒருவர் வேலையில் வீடு ஓடாது. ஆகவே நாத்தனார் ஒட்டு மேசையில் தன் பக்கத்திலேயே அண்ணிக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் மாதம் ரேடியோவின் கை போயிற்று. மயில்துத்தம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. விரலிடுக்கில் தோல் வெடித்து, வெடித்த இடத்தில் பசை ஏறி, அது காய்ந்து, மறுநாள் விரலை நீட்டினால் மறுபடி வெடித்து ரத்தம். கையுறை போட்டால் தாள் பிரியாது. அந்த வேலைக்கு விரல் நுனிதான் கண். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பசையா கையா, ரெண்டுல ஒண்ணை வெச்சுக்கோம்மா" என்றார்.

அப்போது அந்தக் கூடத்துப் பெண்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பின்னால் அவர்களை நான் திட்டப்போவதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தேநீர் வேளையில் ரேடியோ வாரப்பத்திரிகையை எடுத்து நாலு வரி வாசிப்பது வழக்கம். ஒரு நாள் வாசித்து முடிக்கும்போது ஒட்டு மேசையின் தலைவி ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு 'குக்கர்' என்று பெயர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கத்துவாள் என்பதால். "இந்தா பாரு, நீ பசையைத் தொடாதே. மேலே ஏறி உக்காந்து வாசி. உன் பங்கை நாங்க ஒட்டிடறோம்" என்றாள். மடிப்பு மேசைத் தலைவி 'கத்திரி'. வாயைத் திறந்தால் எதிரே இருப்பதில் ஒரு துண்டு கீழே விழும். அவளும், "உன் பங்குக்கான தாளையும் நாங்களே கூடுதலா மடிச்சுடறோம்" என்றாள். மேனேஜரும் தடுக்கவில்லை. வாசிப்பு ஓடினால் பேச்சு குறையும், கை ஓடும் என்று அவருக்குக் கணக்கு.

அப்படியாக ரேடியோ ஓர் உயர முக்காலியில் ஏறினாள். செய்தித்தாள், கோர்ட் விவகாரம், வாடகைப் புத்தகம் என்று கிடைத்ததை வாசித்தாள். புதன்கிழமை வாரப்பத்திரிகை வந்தால் தொடர்கதை. வாசித்து முடித்த பத்திரிகையைப் பிரித்து, மேசை பாழாகாமல் இருக்கப் பசைக் கிண்ணங்களுக்கு அடியில் விரித்துவிடுவது அங்கே வழக்கம். சாயங்காலத்துக்குள் கதை, விளம்பரம், ராசிபலன் எல்லாம் பசையில் ஊறிக் கட்டியாகிவிடும். இரண்டு வருடத்தில் அவள் கையில் தோல் வளர்ந்தது. வெடித்த இடங்களில் புதுத் தோல், வெங்காயச் சருகு மாதிரி, இளம் சிவப்பாக.

பிறகு வந்தாள் அந்த நர்ஸ்.

தொடர்கதையில் ஒரு பெரிய வீடு, படுத்த படுக்கையான பெரியவர் ஒருவர், உதவாக்கரைப் பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ். ஏழாம் வாரம் இப்படி முடிந்தது: கதவு திறந்தபோது பெரியவரின் மூச்சு நின்றிருந்தது. மருந்துப் புட்டி காலியாக இருந்தது. நர்ஸ் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். 'தொடரும்' என்று போட்டுவிட்டான்.

"விஷம் வெச்சுட்டா" என்றாள் குக்கர், பசைத் தூரிகையைக் கிண்ணத்தில் அடித்து.

"ஏங்க்கா, டம்ளரைக் கழுவினா கொலைகாரியா?" என்றாள் கத்திரி. "அப்ப நான் தினம் எட்டுக் கொலை பண்றேன்."

"உங்க வீட்டு டம்ளரை நான் பாத்திருக்கேன். நீ ஒரு கொலையும் பண்ணலை."

கூடம் முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு நானும் சிரித்திருப்பேன். ஆனால் மறுநாள் காலையில் ஒட்டு மேசைக்காரிகள் 'டம்ளர் கட்சி' ஆகியிருந்தார்கள். மடிப்பு மேசை, நர்ஸின் உடுப்பை நினைத்து, 'வெள்ளைக் கட்சி'. அடுத்த வாரம் நர்ஸ் ஒன்றும் பேசவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தாள். எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று எழுதினவன் எழுதவில்லை. அந்த ஒரு வரியை ரேடியோ பதினோரு தடவை வாசிக்கவேண்டி வந்தது.

"பாருங்க, நிம்மதியா சிரிக்கிறா. பாவம், அந்த மனுஷன் வேதனை முடிஞ்சுதேன்னு" என்றது மடிப்பு மேசை.

"நிம்மதியா! சொத்து வருதேன்னு சிரிக்கிறா! இந்த ரேடியோதான் தேன் தடவி வாசிக்கிறா" என்றது ஒட்டு மேசை.

இங்கேதான் விஷயம் கெட்டது. நர்ஸை நல்லவளாகக் காட்டவென்றே ரேடியோ குரலைக் குழைக்கிறாள் என்று குக்கர் குற்றம் சாட்டினாள். இல்லை, டம்ளர் என்ற சொல் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி மிரட்டுகிறாள் என்று கத்திரி சொன்னாள். கடைசியில் இரண்டு மேசையும் கூடி ஒரு சட்டம் போட்டன. இனிமேல் ரேடியோ பஸ் நேர அட்டவணை வாசிக்கிற மாதிரி வாசிக்கவேண்டும். அழுகை, சிரிப்பு, பெருமூச்சு எதுவும் கூடாது. அதைக் கண்காணிக்க மேசைக்கு ஒருத்தி வீதம் இரண்டு பேர் அவளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். புருவம் அசைந்தால் கையைத் தூக்குவார்கள். மூக்கு விடைத்தால் கையைத் தூக்குவார்கள். ஒரு நாள் ரேடியோவுக்குத் தும்மல் வந்தது. அது எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று மத்தியானம் வரை வழக்கு நடந்தது.

இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் இருபத்தைந்து பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எழுத்துத் தெரியாதவர்களா என்றால் அதுவும் இல்லை. எல்லாம் பள்ளிக்கூடம் போனதுகள்தான்.

அப்புறம் நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. குடிதண்ணீர்ப் பானை இரண்டானது. ஒட்டு மேசைக்குப் போகிற தாள்களைக் கோணலாக மடித்து அனுப்பினார்கள். பதிலுக்கு ஒட்டு மேசை, மடிப்பு மேசை நாற்காலிகளில் பசை தடவி வைத்தது. ஒருத்தியின் சாப்பாட்டு டப்பாவில் தலைமுடி; இன்னொருத்தியின் செருப்புக்குள் புளித்த பசை. சண்டை இன்னும் முற்றிய பின்னாளில் மடிப்பு மேசையில் ஒருத்திக்குத் தாய் இறந்துபோனாள். இருபது வருடமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், ஒட்டு மேசையிலிருந்து ஒரு தலைகூடத் துக்கம் கேட்கப் போகவில்லை. "போனா, நம்ம பக்கம் பலவீனம்னு நினைப்பாங்க" என்று குக்கர் சொன்னாளாம். பெற்றவள் செத்துக் கிடக்கிறாள், இவர்களுக்குப் பக்கம்! சீ.

அதற்கெல்லாம் முன்பே, பன்னிரண்டாம் வாரப் பத்திரிகை வருவதற்கு முந்தின நாள், குக்கர் எழுந்து நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "அந்த நர்ஸ் நல்லவன்னு வந்துச்சுன்னா, எழுதினவனை நான் என்ன செய்ய முடியும்? ஆனா இந்த ரேடியோவோட உறையில எங்க மேசை ஒரு சொட்டுப் பசை வைக்காது. இவ வாசிச்சு வாசிச்சுத்தான் அவ நல்லவ ஆயிட்டா."

கத்திரி விடுவாளா? "அவ கொலைகாரின்னு வந்துச்சுன்னா, எங்க மேசை ஒரு தாளை மடிக்காது. பாத்துக்கோ ரேடியோ!"

முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் தன் இரண்டு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் கதை சாய்ந்தாலும் கை போச்சு.

புதன்கிழமை காலையில் அவள் பத்திரிகையைப் பஸ்ஸிலேயே பிரித்தாள். அந்த வாரம் எழுதினவனுக்கு நர்ஸ் அலுத்துப்போயிருந்தாள் போலிருக்கிறது. நாலே வரியில் காரியத்தை முடித்துவிட்டான். பெரியவருக்கு இதயம் தானாக நின்றது. மருந்துப் புட்டியைத் தட்டிவிட்டது பூனை. நர்ஸ் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். மீதிப் பக்கம் பூராவும் மூத்த மகனின் கல்குவாரி.

அரை மணி நேரத்தில் அவள் முக்காலியில் இருந்தாள். எதிரே இரண்டு நாற்காலிகள், நாலு கண்கள். ரேடியோ பக்கத்தைத் திறந்தாள். நடைமேடைக் குரலில், புருவம் அசையாமல், வாசித்தாள்:

"டாக்டர் வந்தார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ் தலை குனிந்திருந்தாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. தொடரும்."

டம்ளர் கட்சி, "பாத்தியா, டாக்டருக்குத் தெரிஞ்சு போச்சு" என்றது. வெள்ளைக் கட்சி, "பாத்தியா, கண்ணீர்" என்றது. இரண்டு மேசையும் வெற்றிக் களிப்பில் அன்றைக்கு முந்நூறு உறை அதிகம் செய்தன. ரேடியோ பத்திரிகையைப் பிரித்துத் தன் கையாலேயே கிண்ணங்களுக்கு அடியில் விரித்தாள். பூனை இருந்த பக்கத்தின் மேல் மிகப் பெரிய கிண்ணத்தை வைத்தாள்.

அன்றிலிருந்து பத்தொன்பது வாரம். எழுதினவன் கல்குவாரியை எழுதினான். ரேடியோ நர்ஸை எழுதினாள், எழுதாமலே. வாரம் தோறும் டம்ளர் கட்சிக்கு ஒரு வரி, வெள்ளைக் கட்சிக்கு ஒரு வரி. நர்ஸ் பெரியவரின் தலையணையை முகத்தில் வைத்து அழுவாள். உடனே தலையணைக்கு அடியில் ஒரு சாவி கிடைக்கும். அநாதை இல்லத்துக்குப் பணம் அனுப்புவாள். அனுப்பும் சீட்டில் வேறு பெயர் போட்டிருப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதினவனைவிட நன்றாகவே செய்தாள். அவளுக்கும் ருசி தட்டிவிட்டது. பஸ்ஸில் வரும்போது உதடு அசைய வரி கட்டுவாள். அடிபிடி முற்றியபோது, எல்லாம் தன் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தும், அவள் நிறுத்தவில்லை. அந்தத் துக்க வீட்டுக்கு ஒருத்தியும் போகாததற்கு அவளும்தான் காரணம். அவளையும் நான் தெய்வமாக்கப் போவதில்லை. ஆனால் கை அவளுடையது.

மாட்டிவைத்தது நாத்தனார்தான், அதுவும் விரோதத்தால் இல்லை, பக்தியால். அவள் டம்ளர் கட்சியில் தீவிரம். ஒரு புதன்கிழமை ரேடியோ, "நர்ஸின் பெட்டிக்குள் இன்னொரு காலிப் புட்டி இருந்தது" என்று வாசித்ததும் அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அந்த வரியைக் கத்தரித்து எதிரிகளின் தண்ணீர்ப் பானையில் ஒட்டினால் எப்படியிருக்கும்! சாயங்காலம் கிண்ணத்தைத் தூக்கி, பசை சொட்டும் பக்கத்தை உரித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைத்தாள். காய்ந்ததும் தேடினாள்.

ரேடியோ அடுப்படியில் இருந்தாள். நாத்தனார் விறைத்துப்போன அந்தத் தாளை அவள் முன்னால் வைத்தாள். தட்டினால் அப்பளம் மாதிரி உடையும் போலிருந்தது.

"அண்ணி, அந்த வரி எங்கே?"

"எந்த வரி?"

"ரெண்டாவது புட்டி. நாலு தடவை படிச்சுட்டேன். இதுல புட்டியும் இல்லை, பெட்டியும் இல்லை, நர்ஸே இல்லை. பூரா கல்லு உடைக்கிறாங்க."

ரேடியோ அடுப்பைத் தணித்தாள். ஒளித்து என்ன பிரயோசனம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு இரண்டு கைகளையும் நாத்தனார் முன்னால் விரித்தாள். "இதுக்காகத்தான். நீதானே அப்ப எனக்கு மருந்து போட்டுவிட்டே, உனக்குத் தெரியாதா? யார்கிட்டயும் சொல்லாதேம்மா."

நாத்தனார் அந்தக் கைகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, நர்ஸ் பண்ணலையா?"

"பூனை தட்டிவிட்டுது."

"பூனையா! அத்தனை பேர் முன்னாடி அவதான்னு சத்தியம் பண்ணியிருக்கேனே அண்ணி, என் முகத்தை எங்கே கொண்டு வெச்சுக்கறது?"

மூலையில் உட்கார்ந்து பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மறுபடி எண்ணெய் விட்டார்.

மறுநாள் வேலை தொடங்குமுன்பே கூடத்துக்குத் தெரிந்துவிட்டது. கத்திரி நம்பவில்லை. வாடகைப் புத்தகக் கடைக்கு ஆள் அனுப்பி, பழைய பத்திரிகைக் கட்டை வரவழைத்து, பன்னிரண்டாம் வாரத்தைத் தானே எழுந்து நின்று வாசித்தாள். பூனை வந்ததும் நிறுத்தினாள்.



நியாயப்படி பார்த்தால் வெள்ளைக் கட்சி குதித்துக் கொண்டாடியிருக்க வேண்டும், ஜெயித்தது அவர்கள்தானே? கத்திரியின் முகம் கோணிற்று. "நாங்க ஜெயிச்சு பத்தொன்பது வாரம் ஆச்சா? ஜெயிச்சது தெரியாமலே சண்டை போட்டுட்டிருந்தோமா? ஏண்டி, எங்க ஜெயிப்பை எங்ககிட்டயிருந்து ஒளிச்சியா?"

"ஒரு பூனைக்காகவா நான் செத்த வீட்டுக்குப் போகலை?" என்று குக்கர் கத்தினாள். போகாதது தன் கால் என்பது அவளுக்கு நினைவே இல்லை.

ரேடியோ முக்காலியிலிருந்து இறங்கினாள். "ரெண்டு மேசையும் வேணுமே எனக்கு. ஒரு மேசை விட்டாலும் என் கை போயிடும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதானே சொன்னீங்க?"

இரண்டு மேசைத் தலைவிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். "அவ பங்கை அவளே செய்யட்டும். பசைக் கிண்ணத்தை அவகிட்ட தள்ளு."

அன்று மத்தியானம் இரண்டு மேசையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது. டப்பாக்கள் கைமாறின. ஒரே பானையில் தண்ணீர் குடித்தார்கள். சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் பசை நாற்றத்தைவிட அந்தச் சிரிப்புதான் குமட்டுகிறது. ஒருத்தியை நடுவில் போட்டு மிதித்தால்தான் இவர்களுக்கு ஒற்றுமை வரும் என்றால், அந்த ஒற்றுமையை எந்தக் கிண்ணத்துக்கு அடியில் விரிப்பது?

மூன்றாம் நாள் ரேடியோவின் விரலிடுக்கு வெடித்தது. ஐந்தாம் நாள் எக்ஸ்ரே உறை ஒன்றின் மேல் ரத்தம். மேனேஜர் அதை நுனி விரலால் தூக்கிப் பார்த்து, "ஏம்மா, இப்படி அனுப்பினா ஆஸ்பத்திரிக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஒற்றுமை எத்தனை நாள் தாங்கும்? முதல் வாரம் முடியுமுன்பே மடிப்பு மேசையில் ஒருத்தி, "என்ன இருந்தாலும், நமக்காகத்தானே அத்தனை கதை கட்டினா? எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்றாள்.

"நமக்காகவா? அவ கைக்காக" என்றது ஒட்டு மேசை.

முடிந்தது. இரண்டாவது பானை மறுபடி வந்தது. ஒரு பக்கம் 'கதைக் கட்சி', மறு பக்கம் 'கைக் கட்சி'. ரேடியோ நம்மை மகிழ்விக்கச் செய்த நல்லவளா, ஏமாற்றிய சுயநலக்காரியா? விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தால், "வலியைப் பல்லைக் கடிச்சுத் தாங்குறா பாருங்க" என்று இந்தப் பக்கம். "அனுதாபம் தேடுறா" என்று அந்தப் பக்கம். அவள் நிமிர்ந்தால் ஒரு பொருள், குனிந்தால் ஒரு பொருள். எதிரே நாற்காலி போட்டு இரண்டு பேர் அவள் முகத்தைக் கவனிக்கவும் ஆரம்பித்தார்கள். நல்லவள் என்று வாதாடிய பதின்மூன்று பேரில் ஒருத்தியாவது அவள் பங்கில் ஒரு தாளை எடுத்து மடித்தாளா? இல்லை. வாதாடவே நேரம் சரியாக இருந்தது. நாத்தனார் எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? அவள் மேசை எதுவோ, அதுதான்.

பதினோராம் நாள் சாப்பாட்டு வேளையில் கத்திரி மேசையைத் தட்டினாள். "இப்படியே போனா முடிவே வராது. ரேடியோ, நீயே எழுந்து சொல்லிடு. எங்களுக்காகச் செஞ்சியா, உனக்காகச் செஞ்சியா?"

"உண்மையைச் சொல்லணும்" என்றாள் குக்கர்.

இருபத்தைந்து பேரும் தூரிகையையும் தகட்டையும் கீழே வைத்தார்கள். ஈக்கள்கூட உட்கார்ந்துவிட்டன என்று சொல்வேன், நம்பினால் நம்புங்கள்.

ரேடியோ எழுந்தாள். கையில் சுற்றியிருந்த துணியைப் பிரித்து மேசை மேல் வைத்தாள். உள்ளங்கையை யாருக்கும் விரித்துக் காட்டவில்லை. சாப்பாட்டோடு கொண்டுவந்திருந்த தன் டம்ளரை எடுத்தாள். வாசலோரக் குழாய்க்குப் போனாள். தண்ணீரைத் திறந்து, அந்த டம்ளரை உள்ளும் புறமும் தேய்த்து, நிதானமாக, சுத்தமாகக் கழுவினாள். உதறினாள். டப்பாவோடு பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். திரும்பி வரவில்லை.

அவள் படியிறங்குவதற்குள் பின்னால் கூச்சல் கிளம்பிவிட்டது.

அடுத்த மாதம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். உணர்ச்சி காட்டாமல் தெளிவாக வாசிக்கவேண்டும் என்பது மட்டும்தான் தேவை. வந்தவர்களில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் நடித்தார்கள். இவள் ஒருத்தி வாசித்தாள். இப்போது ஒரு கண்ணாடி அறை, ஒரு சுவிட்ச், ஒரு சீட்டுக் கட்டு. கை ஆறிவிட்டது, இடது சுண்டுவிரல் மட்டும் முழுதாக மடங்காது. ஒரு தடவை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். சொல்லும்போது புருவம் அசையவே இல்லை. பழக்கிவிட்டார்கள்.

அவள் கூடத்தை விட்டு நடந்த அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாளாம்:

"அண்ணி, எதுக்கு அந்த டம்ளரைக் கழுவினீங்க? எங்க மேசையில, குத்தம் ஒத்துக்கிட்டீங்கன்னு சொல்றாங்க. அந்த மேசையில, உங்களை எல்லாம் கை கழுவிட்டேன்னு சொன்னீங்கன்னு சொல்றாங்க. எது சரி?"

"பசை ஒட்டியிருந்துச்சு" என்றாள் ரேடியோ.

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க."